சிவந்துபோன நாற்பது புள்ளிகள்

மஞ்சளாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. சிவப்பாக இருந்தால் ஆகிவிட்டது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். சொன்னவர் பெரியப்பா. அவருக்குச் சொன்னவர் கதிர்க் கம்பெனி சூப்பர்வைசர். நடுவில் எந்த இடத்தில் எது விழுந்துபோனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. யார்மேல் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் பெரியம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை, விடுதியில் தங்கிச் செய்கிற வேலை. அதனால் பள்ளிக்கூடம் முடியும்வரை நான் இங்கே. வீட்டில் முன்பக்கம் மிளகாயும் மிளகும் அரைக்கிற அரவை அறை, அடுத்தது பொட்டலம் போடுகிற அறை, அதற்குப் பின்னால் நாங்கள் புழங்குகிற இரண்டு அறைகள், கடைசியில் சிமெண்ட் போட்ட முற்றம். தெருவில் எங்கள் வாசலைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டுவார்கள். வந்த புதிதில் எனக்கு ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது கஷ்டமாம்மா?" என்று கேட்டார். மிளகாய் டீச்சர் என்றேன். அவர் நம்பவில்லை.

பெரியப்பா முப்பது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறார், இன்னும் தும்முகிறார். "மிளகாய்க்கும் எனக்கும் இன்னும் அறிமுகமே ஆகலை" என்பார். மிஷினைப் பிடிப்பதும் பெட்டிக்குக் கயிறு கட்டுவதும் அவர் வேலை. மற்றதெல்லாம் பெரியம்மா. மூட்டையில் கைவிட்டு நாலு மிளகை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள் என்றால், எத்தனை நாள் காய்ந்தது, பழசோடு கலந்ததா, எல்லாம் சொல்லிவிடுவாள். வியாபாரிகள் அவள் கையை மூட்டைக்குள் விடும்போது வேறு பக்கம் பார்ப்பார்கள். அவளுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், டெம்போ ஓட்டுகிறான். என்னை ஒட்டடை என்றுதான் கூப்பிடுவான். ஒட்டடைக் குச்சி மாதிரி வளர்ந்திருக்கிறேனாம்.

இந்த வீட்டில் எதற்கும் ஒரே வைத்தியம் வெயில். மிளகாயில் ஈரமா, வெயில். தலையணை நாறுகிறதா, வெயில். என் கணக்குப் புத்தகம் மழையில் நனைந்தபோது பெரியம்மா அதையும் முற்றத்தில் மிளகுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள். இப்போதும் ஐந்தாவது பாடத்தைத் திறந்தால் தும்மல் வரும்.

போன வருஷத்திலிருந்து எங்கள் மிளகுத்தூள் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போகிறது. அங்கே படுத்திருப்பவர்களுக்குத் தட்டில் வைத்த முட்டைமேலும் சூப்மேலும் கடைசியில் தூவுவார்கள். அடுப்பு ஏறாத தூள். அதனால் அங்கே சோதனை பண்ணுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் கேன்டீன்காரர் ஒரு காகிதத்தோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"அம்மா, உங்க தூள்ல சால்மோனெல்லா இருக்காம்."

"யாரு இருக்கா?"

"கிருமிம்மா. அதோட பேரு."

"பேரைக் கேட்டா பெரிய வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு. அவளுக்கு என் தூள்ல என்ன வேலை?"

"முற்றத்துல காயப்போடறீங்கள்ல. காக்கா குருவி நடந்திருக்கும். எச்சம் பட்டிருக்கும்."

"நான் காவலுக்கு உக்காந்திருக்கேன்யா. குருவி விரட்டியே என் தோள்பட்டை எறங்கிப் போச்சு."

"நீங்க உள்ள போய் ஒரு வாய் சோறு திங்கற நேரம் ஒண்ணு இருக்கும்லம்மா. நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாம போகலாம். ஆனா அங்க படுத்திருக்கறவங்க உடம்புல எதிர்த்து நிக்கத் தெம்பே கிடையாது. ஒரு கிள்ளுத் தூள் போதும், தூக்கிட்டுப் போயிடும்."

"வறுத்துக் குடுத்துடறேன்."

"வறுத்தா வாசனை போயிடும். அதை எவன் திம்பான்? கதிர்வீச்சுக் கம்பெனி ஒண்ணு இருக்கு, அங்க கதிர் காட்டி எடுத்துட்டு வாங்க. பேப்பரோட. அப்படின்னாத்தான் இனிமே உள்ள விடுவாங்க."

அவர் போனபிறகு பெரியம்மா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி. அன்றிலிருந்து அந்தக் கிருமிக்கு எங்கள் வீட்டில் 'அவ' என்று பேர். பெரியப்பா சோறு அள்ளும்போது, "அவ வந்துடப் போறா, கையைக் கழுவிட்டு வாங்க" என்பாள் பெரியம்மா.

கதிர்க் கம்பெனிக்கு முதல் தடவை போனபோது நானும் போனேன். பெரிய கொட்டகை. நடுவில் கம்பி வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் இறக்கிய பெட்டிகள், அந்தப் பக்கம் முடிந்த பெட்டிகள். ஆள் உயர இரும்புக் கூண்டுகளில் பெட்டிகளை அடுக்கி மேலே தண்டவாளத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அவை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு தடித்த சுவருக்குள் வளைந்து போயின. சத்தமே இல்லை. எங்கள் அரவை அறையில் இருக்கிற சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரியம்மாவுக்கு அதுவே சந்தேகமாகப் போய்விட்டது.

"உள்ள என்ன தம்பி, அடுப்பா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். அவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், காதில் பேனா சொருகியிருந்தார்.

"அடுப்பு இல்லைம்மா. ஒரு உலோகம். அதுலேர்ந்து கதிர் வந்துக்கிட்டே இருக்கும். வேலை இல்லாதப்ப ஆழமான தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிடுவோம்."

"சுடுமா?"

"சுடாது. பெட்டியைப் பிரிக்கவே வேணாம். அட்டை, பிளாஸ்டிக், தூள், எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும். போற வழியில கிருமியோட உயிர் முடிச்சை அறுத்துட்டுப் போகும்."

"கொஞ்சம்கூடத் தூள்ல தங்காதா?"

"சுவத்துல டார்ச் அடிக்கறீங்க. அணைச்சப்புறம் சுவத்துல வெளிச்சம் தங்குமா?"

பெரியம்மா யோசித்தாள். நானும் யோசித்தேன். தங்காது.

"சரி, ஆச்சா ஆகலையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பார்த்தாத் தெரியாது. மோந்தாத் தெரியாது. தின்னாலும் தெரியாது." அவர் ஒரு பெட்டியின் தலையில் ஒட்டியிருந்த சட்டைப் பொத்தான் அளவு புள்ளியைக் காட்டினார். "இந்த ஸ்டிக்கர் மஞ்சளா உள்ள போகும். சிவப்பா வெளிய வரும். பெட்டி கலந்துடாம இருக்க ஒரு அடையாளம், அவ்வளவுதான். எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அளக்கறதுக்குத் தனியா சீட்டு வெப்போம். அதை மறுநாள் படிச்சுட்டுத்தான் பேப்பர் தருவோம்."

"ரெண்டு தடவை விட்டா இன்னும் நல்லாச் சாகுமா?" என்றார் பெரியப்பா.

"ஒரு தடவைதான் சார். ரெண்டாவது தடவை விடக் கூடாதுன்னு விதி."

எனக்கு அன்றே குழப்பம். கதிர் பட்டால் ஆபத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இங்கே கதிர் படாவிட்டால் ஆபத்து என்கிறார்கள். திரும்பி வரும் வழியில் அண்ணனிடம் கேட்டேன். "ரெண்டும் உண்மைதான் ஒட்டடை. ஆளு உள்ள போகக் கூடாது, மிளகு போகலாம். நீ மிளகா, ஆளா?" என்றான். அப்போது புரிந்த மாதிரித்தான் இருந்தது.

இரண்டு லோடு நல்லபடியாகப் போய் வந்தது. கம்பெனியில் ஒட்டுவதற்கு ஆள் போதவில்லை என்று மூன்றாவது லோடுக்கு ஸ்டிக்கர் சுருளையே பெரியப்பாவிடம் கொடுத்து அனுப்பினார்கள். கறுப்புக் கவருக்குள் இருந்தது. எண்ணி நாற்பது.

"நிழல்லயே வெக்கணுமாம். வெயில் படக் கூடாதாம்" என்று என்னிடம் கொடுத்தார்.

"ஏன் பெரியப்பா?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "பசை இளகிடும்ல."

இப்போது நினைத்தால் அந்த ஒரு நிமிஷம்தான் கண்முன் வருகிறது. அவருக்குக் காரணம் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சின்னப் பெண் கேட்கிறாளே என்று ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தார்.

நேற்று சாயங்காலம் நாற்பது பெட்டிக்கும் நான்தான் ஒட்டினேன். அதற்கு முந்தைய நான்கு நாளும் வேலைதான். மிளகைப் புடைத்து, கல் பொறுக்கி, அரைத்து, ஆறவிட்டு, சலித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு சீல் மிஷினில் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்திருந்தோம். நான் ஒட்ட ஒட்ட பெரியப்பா பின்னாலேயே சணல் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். கயிறு போகிற போக்கில் லேபிள்மேலும் புள்ளிமேலும் ஓடியது.

"பேரை மறைச்சுக் கட்டறீங்க. வாங்கறவன் என்னன்னு படிப்பான்?" என்றாள் பெரியம்மா.

"மோந்து பார்த்துப் படிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாலு தடவை தும்மினார்.

காலையில் எழுந்து பார்த்தால் இரவு மழை. பொட்டல அறையின் தகரத்தில் எங்கோ ஓட்டை. பெட்டிகள்மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து அட்டை ஊறியிருந்தது. தூள் சீல் போட்ட பையில் இருந்ததால் அதற்கு ஒன்றும் இல்லை. பெரியம்மாவும் பெரியப்பாவும் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் டயருக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தான்.

"ஈரப் பெட்டியோட அனுப்பினா அவமானம். நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போனாள்.

பார்த்துக்கொண்டேன். மேகம் விலகி, மழைக்குப் பிந்தைய வெயில், முள் மாதிரி வெயில் அடித்தது. இந்த வீட்டில் இரண்டு வருஷம் இருந்த எவருக்கும் கை தானாக என்ன செய்யுமோ அதைச் செய்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் பரப்பினேன். பசை நினைவு வந்தது. நடுவில் இரண்டு தடவை போய்ப் புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்தேன். பசை இளகவில்லை. நிம்மதியாக உள்ளே வந்து பரீட்சைக்குப் படித்தேன். மறுபடி வெளியே போனபோது அட்டை முறுமுறுவென்று காய்ந்திருந்தது. புள்ளிகள் சிவந்திருந்தன.

எல்லாம். நாற்பதும்.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு கணம், அட, வேலை முடிந்துவிட்டதே என்று தோன்றியது. அடுத்த கணமே, இது கம்பெனிக்குப் போகாமலே வந்த சிவப்பு என்று உறைத்தது. சுருளில் வேறு ஸ்டிக்கர் இல்லை. உள்ளே தூக்கி வைத்தால் மஞ்சளாகிவிடுமா என்று நிழலில் வைத்துப் பார்த்தேன். ஆகவில்லை. பெரியம்மாவிடம் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் அண்ணன் வந்து, "ஏத்து ஏத்து, நேரமாச்சு" என்று தானே தூக்க ஆரம்பித்தான். அவன் புள்ளியைப் பார்க்கவே இல்லை. நான் தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினேன். கேட்காமலே போர்த்தியதற்கு, "பரவாயில்லையே ஒட்டடை" என்று பாராட்டினான். அந்தப் பாராட்டுத்தான் என் வாயை அடைத்துவிட்டது.

அங்கே போனால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், திருப்பி அனுப்புவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழக்கமாக லோடு போனால் மறுநாள்தான் வரும். ஆனால் அண்ணன் சாயங்காலமே திரும்பி வந்தான், பெட்டிகளோடு.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோறும் வதக்கிய கத்திரிக்காயும். அவன் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"இன்னைக்குக் கூட்டமே இல்லை. இறக்கிப் போட்டுட்டு வண்டியில படுத்தேன். எழுந்து பார்த்தா வேலிக்கு அந்தப் பக்கம் அடுக்கி வெச்சிருக்கான். எடுத்துட்டுப் போங்கன்னான்."

"பேப்பர்?" என்றாள் பெரியம்மா.

"காலையில வரும்னான். வழியிலயே கேன்டீன்காரர் போன் பண்ணிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குத் தூள் இல்லையாம். ரெண்டு பெட்டி குடுத்துட்டு வந்தேன்."

"பேப்பர் இல்லாம ஏன்டா குடுத்த?"

"அவரே புள்ளியைப் பார்த்துட்டுத்தான்மா வாங்கினார். பளிச்சுன்னு சிவப்பா இருக்குன்னார்."

என் வாயில் இருந்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பெரியம்மா என் முதுகில் தட்டினாள். காரம் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தினாள்.

"பெரியம்மா, அது முன்னாடியே சிவப்பா இருந்துச்சு."

"எது?"

"புள்ளி. இங்கேர்ந்து போறப்பவே. பெட்டி நனைஞ்சிருந்துச்சுல்ல. நான் வெயில்ல போட்டேன்."

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"பசை இளகலையா?"

"இளகலை பெரியப்பா. நிறம்தான் மாறிடுச்சு."

"அப்ப நல்லதுதானே. வெயிலும் கதிர்தானே. பட்டா சிவக்கும்னாங்க, பட்டுது, சிவந்துது. அவன் சுவத்துக்குள்ள வெச்சுச் செய்யறதை சூரியன் நம்ம முற்றத்துலயே செஞ்சு குடுத்துடுச்சு."

"அப்படின்னா முப்பது வருஷமா வெயில்லதானே போட்டேன்," என்றாள் பெரியம்மா, "அவ எப்படி வந்தா?"

பெரியப்பா தும்மினார். பதில் இல்லாத இடங்களில் அவருக்குத் தும்மல் வரும்.

"அங்க உள்ள போயிட்டுத்தான்மா வந்திருக்கும்," என்றான் அண்ணன். "அந்தப் பக்கம் அடுக்கியிருந்துச்சே."

"உள்ள போனதைப் பார்த்தியா?"

"தூங்கிட்டேன்."

"சிவப்பா இருக்கறதைப் பார்த்து, ஏற்கெனவே ஆனதுன்னு அவங்களே அந்தப் பக்கம் தூக்கி வெச்சிருந்தா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். ஒட்டடை என்றுகூடச் சொல்லவில்லை.

பெரியம்மா எச்சில் கையோடு சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாள். அவர் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நான் ரெண்டு மணிக்கே கிளம்பிட்டேன்மா, அடுத்த ஷிப்டு ஆளு இருந்தாங்க. இருங்க, கேட்டுச் சொல்றேன்." கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "சிவப்பா இருக்குல்ல, அப்ப ஆயிடுச்சுங்கறாங்க."

"சிவப்பு இங்கேயே ஆயிடுச்சு தம்பி. வெயில்ல."

"வெயில்ல வெக்காதீங்கன்னு சார்கிட்ட சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலை. உங்க ஆளுங்க உள்ள விட்டாங்களா இல்லையா?"

"விட்டோம்னுதான் சொல்றாங்க. எல்லா லோடையும் விட்டதாத்தான் எழுதியிருக்கு. கதிர் அளக்கற சீட்டு ஆபீஸ்ல இருக்கும், காலையில படிச்சாத்தான் தெரியும்."

"நாளைக்கு முதல் வேலையா மறுபடியும் விட்டுடலாமா?"

"ஏற்கெனவே ஆகியிருந்தா விடக் கூடாதேம்மா."

"ஆகலைன்னா?"

"விட்டே ஆகணும்."

"ஆச்சா, ஆகலையா?"

"அதாம்மா தெரியலை."

பெரியம்மா எழுந்து கையைக் கழுவினாள். நேராக முன்னறைக்குப் போய் டெம்போவிலிருந்து இறக்கிய பெட்டிகளில் ஒன்றைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். விளக்கைப் போடச் சொன்னாள். பக்கவாட்டில் அட்டையைக் கிழித்து, ஒரு பையை உடைத்து, தூளை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தாள். மோந்தாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு கிள்ளு எடுத்தாள். வியாபாரிகள் பயப்படுகிற கை அது.

"ஒண்ணும் தெரியலை," என்றாள். "நல்ல தூளாத்தான் இருக்கு. அவ இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், செத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. அழுகை மாதிரி இல்லை. வழி கேட்டு, நாலு பேர் நாலு பக்கம் கை காட்டிய ஆள் மாதிரி இருந்தது.

"காலையில சீட்டு வந்துடும்ல" என்றான் அண்ணன் மெதுவாக.

"ராத்திரி சாப்பாடு காலையிலயா போடுவாங்க?"

கிழித்த பெட்டியை மறுபடி மூடுவதற்காக அவள் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். இழுத்தவள் நின்றுவிட்டாள். நானும் குனிந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளியின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஓடியது, கயிற்றின் தடிமனுக்கு. வளையலைக் கழற்றினால் மணிக்கட்டில் வெளுத்துத் தெரியுமே, அதுபோல. கயிற்றின் முறுக்குகூட அதில் பதிந்திருந்தது.

"இது என்ன?" என்றார் பெரியப்பா.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கயிறு வெயிலை மறைச்சிருக்கு" என்றேன்.

"வெயிலை மறைக்கும்," என்றாள் பெரியம்மா. "அந்தத் தம்பியோட கதிரை? கயிறு மறைக்குமா?"

"மறைக்காது பெரியம்மா. அட்டையே மறைக்காதுன்னாரே. எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போகும்னாரே. உள்ள போயிருந்தா கயித்துக்கு அடியிலயும் சிவந்திருக்கும்."

அண்ணன் அடுத்த பெட்டியை இழுத்தான். அதில் கயிறு புள்ளியைத் தொடவில்லை. அதற்கடுத்ததில் ஓரமாக ஓடியிருந்தது, அவிழ்த்தால் ஓரம் மஞ்சள். பெரியப்பா கத்தரியை எடுத்து வந்தார். ஆளுக்கொரு பெட்டியாக அறுத்தோம். ஒன்றிலாவது கயிற்றுக்கு அடியிலும் சிவப்பு இருக்காதா என்று தேடிக்கொண்டே அறுத்தேன். ஒன்று இருந்தாலும் மறுபடி குழப்பமாவது கிடைக்கும். பதினேழு பெட்டியில் கயிறு புள்ளிமேல் போயிருந்தது. பதினேழிலும் மஞ்சள்.

"பேரை மறைக்காதீங்கன்னு சொன்னேன்," என்றாள் பெரியம்மா. பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் திட்டவில்லை. எப்படிச் சொன்னாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் கேன்டீன்காரருக்குப் போன். பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் பேசினார்.

"தூளை நிறுத்துங்க," என்றாள் பெரியம்மா. "இன்னைக்கு வந்த ரெண்டு பெட்டி. அதுக்குக் கதிர் காட்டலை."

"சிவப்பா இருந்துச்சேம்மா."

"வெயில்ல சிவந்தது. தூவிட்டீங்களா?"

"ஒரு பெட்டியை உடைச்சாச்சு. மேல் மாடி ரெண்டு வார்டுக்கும் சூப் போயிடுச்சு. சாப்பிட்டுக் கிண்ணமே கீழ வந்துடுச்சு. மீதியை இப்பவே எடுத்துக் கட்டி வெச்சுடறேன். அதுல கிருமி இருக்கா?"

"தெரியாது."

"அப்ப இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம். அதுவும் தெரியாது."

"போன ரெண்டு லோடு சுத்தமாத்தான்மா இருந்துச்சு."

"அது கதிர் காட்டினது."

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க." அவர் குரல் தணிந்தது. பாத்திரச் சத்தம் தூரமானது, அவர் வெளியே வந்துவிட்டார் போல. "நான் இதைப் போய் டாக்டர்கிட்ட சொன்னா பெரிய விஷயமாயிடும். இருக்கா இல்லையான்னே தெரியாத ஒண்ணுக்கு எல்லாரையும் கிளப்பின மாதிரி ஆயிடும். காலைவரைக்கும் பார்ப்போம். யாருக்காவது வயித்தைக் கலக்கினா அப்பச் சொல்லிக்கலாம்."

பெரியம்மாவின் கண் தரையில் அவிழ்ந்து கிடந்த கயிறுகள்மேல் இருந்தது. காலைவரைக்கும் என்று அவர் சொன்னது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் யாரும் என்னை மன்னிக்கமாட்டார்கள். சரி என்று சொல்லிவிடுங்கள் பெரியம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீங்கதானேய்யா அன்னைக்குச் சொன்னீங்க," என்றாள். "எதிர்த்து நிக்கத் தெம்பில்லாதவங்கன்னு. இப்பச் சொன்னா டாக்டர் ஒரு கண்ணு வெச்சுப் பார்த்துக்குவார். காலையிலன்னா எதைப் பார்ப்பார்?"

"என்னன்னும்மா சொல்றது?"

"எங்க தூள்னு சொல்லுங்க. கதிர் காட்டாம வந்துடுச்சு, பேப்பர் இல்லை, எந்த வார்டுக்குப் போச்சுன்னு சொல்லுங்க. இருக்கோ இல்லையோ தெரியாதுன்னும் சொல்லுங்க."

"சொன்னா இனிமே உங்ககிட்ட வாங்க விடமாட்டாங்கம்மா."

"தெரியும்" என்றாள் பெரியம்மா.

இன்று முழுக்க எங்கள் வீட்டில் ஒருவர் 'தெரியும்' என்ற வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

போனை வைத்துவிட்டு அண்ணனை அனுப்பினாள், பிரிக்காத பெட்டியையும் மீதித் தூளையும் எடுத்துவர. பெரியப்பா ஓட்டைத் தகரத்தைப் பார்க்கிறேன் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். இருட்டில் என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அடிப்பாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"டாக்டர் கூப்பிடுவார். என்கிட்ட கேட்டா எனக்கு என்ன தெரியும்? நான் சந்தையில இருந்தேன். நீதான் பேசணும்."

"நானா?"

"எத்தனை மணிக்கு வெளிய வெச்ச?"

"பதினோரு மணி இருக்கும்."

"இருக்கும்னு சொல்லாதே."

"பதினொண்ணு. ஒண்ணரைக்கு எடுத்தேன்."

"அங்க எதையும் குறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம். இப்ப எங்கிட்ட சொன்னியே, அப்படியே சொல்லு."

தலையாட்டினேன். அவள் எழுந்து, கிழிந்த பெட்டியிலிருந்து சிந்திய தூளை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள். போன் என் மடியில் இருக்கிறது. மேல் மாடியில் சூப் குடித்துவிட்டுப் படுத்திருப்பவர்களின் முகம் எனக்குத் தெரியாது, எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் பெரியம்மா கேன்டீனைச் சும்மா இழந்த மாதிரி ஆகும். ஏதாவது ஆகிவிட்டால், அதை நினைக்கவே முடியவில்லை. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பதினொன்று, ஒன்றரை, பதினொன்று, ஒன்றரை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கேட்கும்போது மாறிவிடக் கூடாது என்று.